முற்றத்து மரத்துக்குப் பனிக்கட்டிப் பதக்கங்கள்

அத்தியாயம் 7

கனடாவில் டிசம்பர் பிறந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதே பெரும்பாடு. ஜாக்கெட், பூட்ஸ், தொப்பி, கையுறை என்று ஒவ்வொன்றாக மாட்டி முடிக்கும்போது பாதிப் பொறுமை போய்விடும். அவ்வளவும் உடுத்திக்கொண்டு போய் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கும். இந்த அத்தியாயத்தில் வரும் வேலைக்குக் குளிர்தான் கருவி. தண்ணீர், நூல், சமையலறையில் மிஞ்சிய தோடம்பழத் துண்டு, வேலியோரத்து சீடார் இலை ஆகியவற்றைக் கொண்டு பனிக்கட்டிப் பதக்கங்கள் செய்து முற்றத்து மரத்தில் தொங்கவிடப் போகிறோம்.

செலவு ஏறக்குறைய இல்லை. கைத்திறனும் பெரிதாக வேண்டியதில்லை. வேண்டியது குளிரைக் கணிக்கும் பழக்கம். எந்த நாளில் தொடங்குவது, அச்சை எங்கே வைப்பது, எந்தக் கிளையில் மாட்டுவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வெப்பநிலையில் இருக்கிறது. ஆகவே பிள்ளையின் கையில் முதலில் வெப்பமானியைக் கொடுங்கள். நூலையும் அச்சையும் பிறகு கொடுக்கலாம்.

நாளைத் தெரிவு செய்தல்

கனடிய வானிலை அறிக்கையில் குளிர்காலத்தில் இரண்டு எண்கள் வரும். ஒன்று காற்றின் வெப்பநிலை. மற்றது காற்று வீசும்போது உடம்பு உணரும் குளிர். பனிக்கட்டி முதல் எண்ணைக் கேட்கும். பிள்ளையின் கன்னம் இரண்டாவது எண்ணைக் கேட்கும். வெப்பநிலை 2 பாகையாக இருந்து, காற்றால் மைனஸ் 4 போல உணரப்படும் நாளில் நமக்கு நடுங்கும், ஆனால் அச்சில் உள்ள தண்ணீர் உறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்று, பொருளின் சூட்டை விரைவாகக் கொண்டுபோகுமே தவிர, அதை வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே இழுத்துச் செல்லாது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

இரவு மைனஸ் 8 பாகைக்குக் கீழே போய், மறுநாள் பகலிலும் மைனஸ் 3 பாகைக்கு மேல் ஏறாத நாட்கள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால் அதுவே நல்ல வேளை. வினிபெக்கில் ஜனவரி முழுவதும் அப்படித்தான். அங்கே பதக்கங்கள் வாரக்கணக்கில் நிற்கும். மொன்றியலிலும் பெரும்பாலும் கவலையில்லை. ரொறன்ரோவில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடுவதால் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கல்கரியில் சினூக் காற்று வந்தால் சில மணி நேரத்தில் கடுங்குளிர் போய் பனி உருகத் தொடங்கிவிடும். வன்கூவரில் இருப்பவர்கள் வீட்டு ஃப்ரீசரில் செய்து, குளிரான ஒரு நாளுக்காகக் காத்திருந்து மாட்டலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. வெப்பநிலையோ காற்றோடு சேர்ந்த குளிரோ மைனஸ் 27 பாகையைத் தொட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கும்படி கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. அன்று அச்சில் ஊற்றுவதோடு நிறுத்துங்கள். மாட்டும் வேலை அடுத்த நாளைக்கு இருக்கட்டும்.

தேவையானவை

- 12 சென்டிமீட்டர் அகலமுள்ள தகர அல்லது சிலிக்கோன் கேக் அச்சுகள். யோகட் வாளியின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்தாலும் போதும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம்.
- தடித்த கம்பளி நூல் அல்லது சணல் நூல், ஒரு பதக்கத்துக்கு 40 சென்டிமீட்டர்.
- உள்ளே பதிக்க: கிரான்பெரி, மெல்லியதாக அரிந்த தோடம்பழ வட்டம், சீடார் அல்லது ஸ்புரூஸ் நுனி, இலையுதிர்காலத்தில் பொறுக்கி வைத்த மேப்பிள் இலை, கறுவாப்பட்டை.
- ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த தண்ணீர், ஒரு பதக்கத்துக்கு 200 மில்லிலீட்டர்.
- சமமான ஒரு தட்டு. அச்சுகளை அதில் வைத்தே வெளியே கொண்டுபோகலாம்.
- ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோடிக் கையுறை. முதற்சோடி கட்டாயம் நனையும்.

செய்முறை

பலரும் அச்சில் எல்லாவற்றையும் போட்டு, தண்ணீரை நிரப்பி, வெளியே வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கிரான்பெரி எல்லாம் மேலே வந்து மிதக்கும். அந்தப் பழத்துக்குள் காற்றறைகள் இருக்கின்றன. கனடாவில் கிரான்பெரி வயல்களில் தண்ணீரைத் தேக்கிப் பழங்களை மிதக்கவிட்டு அறுவடை செய்வதும் அதனால்தான். தோடம்பழ வட்டமும் இலையும்கூட மிதக்கும். மிதந்தவை பாதி வெளியே நீட்டிக்கொண்டு உறைந்தால் முதல் வெயிலிலேயே கழன்று விழும். ஆகவே இரண்டு தடவையாக ஊற்றுங்கள்.

1. அச்சில் 80 மில்லிலீட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நிற்கும். ஃப்ரீசரில் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். வெளியே என்றால் குளிரைப் பொறுத்து நேரம் கூடும்.
2. மேற்பரப்பு கெட்டியானதும் பிள்ளை தன் விருப்பப்படி பழத்தையும் இலையையும் அடுக்கட்டும். இது அவசரப்படுத்தக் கூடாத கட்டம். பதக்கத்தில் பிள்ளையின் கை தெரிவது இங்கேதான்.
3. நூலை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு அச்சின் நடுப்பக்கம் வரும்படி உள்ளேயும், வளையம் விளிம்புக்கு வெளியேயும் இருக்க வேண்டும். நனைந்த நூல் மிதக்காது. அதன் இழைகளுக்குள் தண்ணீர் புகுந்து உறைவதால் பிடியும் இறுக்கமாகும்.
4. மீதி 120 மில்லிலீட்டர் தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். இந்தத் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் பட்டால் அடியிலுள்ள தட்டு வெடித்துக் கீறல் விடும்.
5. இரவு முழுவதும் உறையவிடுங்கள். வெளியே வைப்பதானால் வெறும் படிக்கட்டிலோ மேசையிலோ வையுங்கள். பனிக்குவியலுக்குள் புதைத்தால் சீக்கிரம் உறையும் என்று தோன்றும், நடப்பது எதிர்மாறு. பனித்துகள்களுக்கு இடையில் காற்று அடைபட்டிருப்பதால் பனிக்குவியல் சூட்டை வெளியே விடாது.
6. காலையில் அச்சின் அடியைக் குழாய்த் தண்ணீரில் சில வினாடிகள் பிடியுங்கள். பதக்கம் தானாக வழுகி வரும். சுடுதண்ணீர் வேண்டாம்.

பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகள்

நடுவில் ஏன் வெள்ளையாகப் புகைபடிந்த மாதிரி இருக்கிறது? தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் காற்றுக்கு அங்கே இடமில்லை. அச்சின் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும் பனிக்கட்டி, காற்றை நடுப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் உறையும் இடத்தில் அந்தக் காற்று குமிழிகளாகச் சிறைப்படும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினால் வெண்மை சற்றுக் குறையும், முற்றாகப் போகாது.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதையே ஒரு பரிசோதனையாகக் கொடுக்கலாம். பிக்னிக் போகும்போது எடுத்துச் செல்லும் தடித்த சுவருள்ள சிறிய குளிர்ப்பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி வெளியே வைக்கச் சொல்லுங்கள். பக்கங்களும் அடியும் குளிரை விடாததால் உறைதல் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் நடக்கும். காற்று கீழே தள்ளப்படும். அடிப்பாகம் உறைவதற்குள் மேற்கட்டியை எடுத்துவிட்டால் அது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும்.

கண்ணாடிப் பாத்திரம் ஏன் கூடாது? தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருமன் கூடுகிறது. தகரமும் சிலிக்கோனும் சற்று வளைந்து இடம் கொடுக்கும், கண்ணாடி உடைந்துவிடும். எந்த அச்சையும் விளிம்புவரை நிரப்பாமல் விடுவதற்கும் இதுதான் காரணம்.

நிறம் சேர்த்தல்

கடையில் வாங்கும் உணவு நிறம் ஒரு துளி போதும். காற்றைப் போலவே நிறமும் நடுவுக்குத் தள்ளப்படும் என்பதால் ஓரம் வெளுத்து, நடு கறுத்துக் காணப்படும். அதுவும் அழகுதான். சீரான நிறம் வேண்டுமானால் மெல்லிய தட்டாக, சிறு அச்சில் செய்யுங்கள்.

தமிழ்க் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் வரும். அதில் பாதியைப் பிரித்துச் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கேட்பார்கள். பீட்ரூட் அவித்த தண்ணீர் சிவப்புத் தரும், ஆனால் சாற்றை அப்படியே ஊற்றாதீர்கள். அதிலுள்ள சர்க்கரை பனிக்கட்டியை இளக்கமாக்கும். மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும். மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம். உருகியபின் அது மண்ணோடு கலந்து கிடக்கும் பிளாஸ்டிக்.

தைப்பொங்கல் வருவது கனடாவின் குளிர் உச்சத்தில் நிற்கும் வாரத்தில். முற்றத்தில் பொங்கவைக்க முடியாத குறையை ஈடுசெய்ய, செவ்வந்தி இதழ்களைப் பதித்த சிறு பதக்கங்களை வரிசையாகக் கட்டி வாசலோரத்துச் செடியில் தோரணமாக விடலாம்.

வேறு வடிவங்கள்

நடுவில் துளையுள்ள கேக் அச்சு இருந்தால் நூலைப் பதிக்கத் தேவையில்லை. வளையமாக உறைந்துவரும் பனிக்கட்டியைத் துளைவழியே பட்டை நாடாவால் கட்டித் தொங்கவிடலாம். ஆனால் பெரிய வளையம் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வேலிக் கம்பத்துக்கே அது ஏற்றது.

மஃபின் தட்டில் சிறு பதக்கங்கள் செய்யலாம். நான்கு வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு இந்த அளவே சரி.

மரத்தடியில் வைக்க ஒரு பனி விளக்கும் செய்யலாம். பின்லாந்திலும் சுவீடனிலும் வீட்டு வாசலில் இப்படி விளக்கு வைப்பது வழக்கம். சீனாவின் ஹார்பின் நகரில் 1963இல் தொடங்கிய பனி விளக்கு விழா இன்று உலகப் புகழ் பெற்றது. செய்வது இலகு. ஐந்து லீட்டர் பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி வெளியே வையுங்கள். பதக்கத்துக்குச் சொன்னதற்கு மாறாக, இந்த வாளியைப் பனியின் மேலேயே வையுங்கள். பக்கங்களும் மேற்பரப்பும் உறைந்து வரும். பனியின் காப்பினால் அடி மட்டும் மெல்லியதாக இருக்கும். பக்கச் சுவர் இரண்டு விரற்கடை தடித்ததும் வாளியைக் கவிழ்த்து எடுத்து, இப்போது மேலே வந்திருக்கும் அந்த மெல்லிய தட்டை உடைத்து உள்ளே உறையாமல் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழிக்குள் மின்கல விளக்கு ஒன்றை வைத்தால் போதும். டிசம்பரில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுவதால், பிள்ளைகள் படுக்கப் போகுமுன் நீண்ட நேரம் பார்த்து மகிழலாம்.

பலூனில் தண்ணீர் நிரப்பி உறையவைக்கும் முறையும் உண்டு. கிழிந்த பலூன் துண்டு சிறு பிள்ளையின் தொண்டையில் அடைத்தால் உயிராபத்து. முற்றத்தில் விழுந்தால் பறவைக்கும் கேடு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை விட்டுவிடுங்கள்.

எங்கே, எப்படித் தொங்கவிடுவது

நாம் செய்த பதக்கம் ஒவ்வொன்றும் 200 கிராம். ஒரு கிளையில் ஐந்து மாட்டினால் ஒரு கிலோ. குளிரில் கிளைகள் வளையும் தன்மை குறைந்து சட்டென முறியக்கூடியவையாக இருக்கும். பனிக்கட்டியின் பாரம் மரத்தை என்ன செய்யும் என்பதை 1998 ஜனவரியில் கியூபெக்கும் கிழக்கு ஒன்ராறியோவும், 2013 டிசம்பரில் ரொறன்ரோவும் பார்த்தன. உறைமழை கிளைகளில் படிந்து முதிர்ந்த மரங்களையே பிளந்து போட்டது. நமது பதக்கங்கள் அந்த அளவுக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை என்றாலும், பெருவிரல் தடிப்புள்ள கிளைக்குக் குறைந்து எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். நூலைக் கிளையில் இறுக்கிக் கட்டாமல் வளையமாகப் போட்டுவிடுங்கள். பட்டையும் மொட்டும் காயப்படாது. ஏற்கெனவே கிளைகளில் பனிக்கட்டி படிந்திருக்கும் நாளில் எதையும் மாட்ட வேண்டாம்.

மரத்தின் தெற்குப் பக்கத்தில் வெயில் நேராக விழும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருந்தாலும், உள்ளே இருக்கும் கருஞ்சிவப்புப் பழமும் இலையும் வெயிலை உறிஞ்சிச் சூடாகித் தம்மைச் சுற்றி உருக்கும். நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் வடக்குப் பக்கம். ஒளி ஊடுருவும் அழகு வேண்டுமானால் கிழக்கு அல்லது மேற்குப் பக்கம். சாய்ந்த வெயில் பதக்கத்துக்குப் பின்னாலிருந்து வரும்.

நடைபாதைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். பிள்ளைகளின் தலைக்கு மேலும் வேண்டாம், நெஞ்சு உயரமே போதும். தெருவோரத்து மரங்கள் நகராட்சிக்குரியவை என்பதால் சொந்த முற்றத்து மரத்தையே பயன்படுத்துங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனிக் கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது. பால்கனித் தரையில் வைத்த சாடியில் நாலு குச்சியை ஊன்றி அதில் மாட்டலாம்.

வயதுக்கேற்ற வேலை

- நான்கு, ஐந்து வயது: இலை, பழம் அடுக்குவது; தண்ணீர் உறைந்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்பது.
- ஆறு முதல் எட்டு வரை: அளந்து ஊற்றுவது, நூலை நனைத்துப் பதிப்பது, வெப்பநிலையைக் குறித்து வைப்பது.
- ஒன்பதுக்கு மேல்: நாளைத் தெரிவு செய்வது, அச்சிலிருந்து எடுப்பது, கிளையைத் தேர்ந்து மாட்டுவது. வாளி விளக்கை உடைத்துத் தண்ணீர் கொட்டும்போது பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வீட்டுச் சுவரோரங்களில் வளர்க்கும் யூ செடியில் சிவப்பாகச் சிறு காய்கள் காணப்படும். அதன் விதையும் இலையும் கொடிய நஞ்சு. ஹொலியின் சிவந்த பழமும் தின்னத் தகாதது. பெயர் தெரியாத எந்தப் பழத்தையும் பதிக்காதீர்கள். பளபளப்பாக இருப்பதால் சிறு பிள்ளைகள் பதக்கத்தை நக்கிப் பார்ப்பார்கள். நக்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. கடுங்குளிரில் இருந்த பனிக்கட்டியிலும் உலோக அச்சிலும் ஈரமான நாக்கும் விரலும் ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி விடுவியுங்கள். முதற்சோடிக் கையுறை நனைந்தவுடன் மாற்றிவிடுங்கள், வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சிக்கலும் தீர்வும்

*பதக்கம் இரண்டு தட்டாகப் பிளந்தது.* இரண்டாவது தடவை ஊற்றுமுன் முதல் தட்டின் மேல் உறைபனித் தூசி படிந்திருக்கும். ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

*நூல் அறுத்துக்கொண்டு வந்தது.* நூல் மெல்லியதாக இருந்திருக்கும். பாரத்தோடு தொங்கும் மெல்லிய நூல் தன் அழுத்தத்தாலும் வெயிலில் ஏறும் சூட்டாலும் பனிக்கட்டியை மெல்ல அறுக்கும். தடித்த கம்பளி நூலே நல்லது. நைலோன் நூல் பறவைகளின் காலில் சிக்கும் என்பதாலும் அதைத் தவிருங்கள்.

*வெயில் இல்லை, உருகவும் இல்லை, ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது.* உலர்ந்த குளிர்காற்றில் பனிக்கட்டி தண்ணீராகாமலே நேரடியாக ஆவியாகும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். பிள்ளையைக் கொண்டு ஒரு பதக்கத்தைச் சமையல் தராசில் நாளுக்கு ஒரு தடவை நிறுத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்துப் பட்டியலைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

*பார்ப்பதற்கு மங்கிவிட்டது.* மேலே உறைபனி படிந்திருக்கும். விசிறிப் போத்தலில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மெல்லிதாகத் தெளித்தால் தெளிவு திரும்பும்.

கழற்றும் காலம்

வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் முதல்நாள் மாலையே பதக்கங்களை இறக்கி மரத்தடியில் வைத்துவிடுங்கள்; பாதி உருகியவை பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் விழாமல் இருக்கும். உருகியபின் கிடக்கும் கிரான்பெரியையும் இலையையும் மண்ணிலேயே விடலாம். நூல்களை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். ஏப்ரலில் கூடு கட்ட வரும் பறவைகள் நீண்ட நூலை எடுத்துப்போய் அதில் தாமே சிக்கிக்கொள்ளும். எத்தனை பதக்கம் மாட்டினீர்கள் என்பதைப் பிள்ளையின் குறிப்பேட்டில் அன்றே எழுதிவைத்தால், எத்தனை நூலைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். எடுத்த நூல்களைக் கழுவிக் காயவைத்து அச்சுகளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த குளிருக்கு உதவும்.